கரோக்கி பாட நல்ல குரல் வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 10

"கரோக்கி எல்லாருக்குமான பொழுதுபோக்கு என்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஏற்கெனவே நன்றாகப் பாடுகிறவர்கள்தான் மைக்கை விடாமல் வைத்திருக்கிறார்கள். என் அம்மாவுக்கு 68 வயது. மூட்டுவலி, கண்ணும் மங்கல். ஆனால் அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அவரைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா? இல்லை, குரலும் காசும் இருக்கிறவர்களுக்கு மட்டும்தானா?"

பிப்ரவரி 11, காலை

இடம் உண்டு. ஆனால் தானாகக் கிடைக்காது. யாராவது ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்துகொடுக்க வேண்டும்.

மதுரையில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் ஞாயிறு மாலைகளில் கரோக்கி நடத்துகிறோம். லேப்டாப் பக்கம் உட்கார்ந்து டிராக் (பாடகர் குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் இருக்கும் இசைப் பதிவு) போடுவது என் வேலை. பாடுகிறவர்களைவிட, ஆசையாக வந்துவிட்டுப் பாடாமலே எழுந்து போகிறவர்களைத்தான் நான் அதிகம் கவனித்திருக்கிறேன். கேட்டால் "குரல் சரியில்லை தம்பி" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வெளியே வரும். பாட்டின் சுருதி எட்டியிருக்காது. திரையில் எழுத்து தெரிந்திருக்காது. முறை வராமல் இருந்திருக்கும். மேடையேற முட்டி ஒத்துழைத்திருக்காது. இதில் எதுவுமே குரல் சம்பந்தப்பட்டதில்லை.

பிப்ரவரி 11, இரவு

காலையில் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரோக்கி பிறந்த கதையே இந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்கிறது.

ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாடும்போது கூடவே வாசிப்பவராக இருந்தார் இனோவே தைசுகே. அங்கே வரும் ஒரு நிறுவன முதலாளிக்கு இவர் வாசித்தால்தான் பாட வரும். முதலாளி தாளத்துக்கு அடங்காத பாடகர். அவர் எங்கே இழுப்பார், எங்கே முந்துவார் என்று இனோவேக்கு அத்துப்படி. வெளியூர் விருந்து ஒன்றுக்குக் கூட வரச் சொன்னார் முதலாளி. இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் சுருதிக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி வாசித்து, நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து வந்த யோசனைதான் 1971-இல் அவர் வாடகைக்கு விட்ட 11 இயந்திரங்கள். கார்களில் வரும் எட்டுத்தட நாடாக் கருவி, ஒலிபெருக்கி, காசு போடும் பெட்டி, அவ்வளவுதான். 100 யென் நாணயம் போட்டால் பாடலாம்.

ஆக, பாட வராத ஒருவருக்காக இசையை வளைத்துக் கொடுத்ததில் தொடங்கிய விஷயம் இது. கச்சேரி மேடையில் பாட்டுக்கு ஏற்ற ஆளைத் தேடுவார்கள். இங்கே ஆளுக்கு ஏற்றபடி பாட்டைத் திருத்துகிறோம். இந்த ஒன்றை மறந்துவிட்ட கரோக்கிக் குழுக்களில்தான் நீங்கள் சொல்லும் நிலைமை வருகிறது.

இனோவே காப்புரிமை வாங்கவில்லை. 2004-இல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள், மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி ஒன்றைத் தந்ததற்காக. வேடிக்கைப் பரிசுதான். ஆனால் அந்தக் காரணம் எனக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 12

"இனோவே முதல் ஆள் இல்லையே" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார். சரிதான். தோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி 1967-லேயே மைக் செருகிப் பாடும் பெட்டி ஒன்றைச் செய்துவிட்டார். அவர் 2024 ஜனவரியில் 100 வயதில் காலமானார். பிலிப்பைன்ஸில் ரொபெர்தோ தெல் ரொசாரியோ சேர்ந்து பாடும் கருவிக்குக் காப்புரிமையே வாங்கியிருக்கிறார். பலர் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். நான் இனோவே கதையை எடுத்தது அந்த முதலாளிக்காக.

பிப்ரவரி 17

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், சுருதி என்று நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா எங்கள் குழுவுக்கு வருவார். பழைய பி.சுசீலா பாட்டுகள் மேல் உயிர். பல்லவி தொடங்குவார், இரண்டாவது வரியில் குரல் உடையும், "போதும், நிறுத்துங்க" என்று மைக்கைக் கீழே வைத்துவிடுவார். வயதானால் பெண்களுக்குக் குரல் இறங்கும். கேட்ட பாட்டு மட்டும் சுசீலா 30 வயதில் பாடிய சுருதியிலேயே நிற்கும்.

நேற்று டிராக்கை ஓடவிடாமல், "சரணத்தில் மேலே போகிற அந்த ஒரு வரியை மட்டும் சும்மா பாடிக் காட்டுங்கம்மா" என்றேன். எந்த வாத்தியமும் இல்லாமல், தனக்கு வசதியான இடத்தில் எடுத்துப் பாடினார். செல்பேசியில் இருக்கும் கீபோர்டில் அதைத் தட்டிப் பார்த்தேன். டிராக்கில் இருப்பதைவிட நான்கு படி கீழே இருந்தது. லேப்டாப்பில் நான்கு படி இறக்கிவிட்டு ஓடவிட்டேன். இரண்டு சரணமும் முழுசாகப் பாடி முடித்தார். மைக்கை வைக்கும்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது. "இது அதே டிராக்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இதற்குப் பாட்டு வாத்தியார் தேவையில்லை. ஒரு படி என்பது ஏறக்குறைய அரைக் கட்டை, கீபோர்டில் கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து ஒரு கீயிலிருந்து பக்கத்துக் கீ. பெரும்பாலான மென்பொருள்களில் கூட்டல், கழித்தல் குறி போட்டு ஒரு பொத்தான் இருக்கும். நாடாக் காலத்தில் சுருதியை இறக்கினால் வேகமும் சேர்ந்து இறங்கும், பாட்டு இழுத்துக்கொண்டு போகும். இப்போது இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம்.

முக்கியமாக, பல்லவியை வைத்துச் சுருதி பார்க்காதீர்கள். பல்லவி பெரும்பாலும் எட்டிவிடும். சரணத்தின் உச்சிதான் ஆளைக் கவிழ்க்கும். எங்கள் ஊர்க்காரரான டி.எம்.சௌந்தரராஜன் பாட்டை எடுக்கும் ஆண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பிப்ரவரி 19

முந்தின குறிப்பைப் படித்துவிட்டு எல்லாப் பாட்டையும் நான்கு படி இறக்கிவிடாதீர்கள். மேலே எட்டும், கீழே காணாமல் போகும். வயதானவர்களுக்குக் குரலின் எல்லை இரண்டு பக்கமும் சுருங்கும். சில பாட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும், அதை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். அப்போது பாட்டை மாற்றிக்கொள்வதுதான் வழி. தாலாட்டு மெட்டு, கிராமிய மெட்டு, பழைய தத்துவப் பாட்டுகளில் சில, இவை குறுகிய எல்லைக்குள்ளேயே சுற்றும். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அப்படி ஒன்றைக் கொடுக்கிறோம்.

ஆறேழு படிக்கு மேல் இறக்கினால் டிராக்கே கெட்டுவிடும். தபேலா சத்தம் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி ஆகிவிடும்.

பிப்ரவரி 24

எழுத்து.

யூடியூபில் கிடைக்கும் தமிழ் டிராக்குகளில் பெரும்பகுதி பாட்டு வரியை ஆங்கில எழுத்தில்தான் போடுகிறது. இதை ஏன் யாரும் பெரிய குறையாகப் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் குழுவில் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் இருக்கிறார்கள், தினமும் தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார்கள். அவர்கள் முன்னால் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டு ஓடினால் என்ன செய்வார்கள்? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் சிக்கல்தான். கலை, களை, காலை, காளை எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி நிற்கும். பாட்டு தெரிந்தவர்களுக்கு அது ஞாபகக் குறிப்பு. தெரியாதவர்களுக்குப் புதிர்.

நாங்கள் செய்வது இது. வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்து, ஒரு திரைக்கு இரண்டே வரி, கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. பின்னால் படக்காட்சி ஓடக் கூடாது. கதாநாயகன் வெள்ளைச் சட்டையில் வந்து நின்றால் வெள்ளை எழுத்து அதற்குள் கரைந்துவிடும். எழுத்து, கடைசி நாற்காலியிலிருந்து கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். கண் மங்கலானவர்களுக்குத் திரையே வேண்டாம், பெரிய எழுத்தில் அச்சடித்த தாள் போதும். மடியில் வைத்துக்கொண்டு பாடுவார்கள்.

தாள் என்றதும் பாட்டுப் புத்தகம் ஞாபகம் வருகிறது. தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்கு விற்பார்கள், கதைச் சுருக்கம் போட்டு "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடித்து, அடுத்த பக்கங்களில் எல்லாப் பாட்டும் இருக்கும். என் பெரியம்மா அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருப்பார். தெருவில் யாராவது ரேடியோ வைத்தால் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு கூடவே பாடுவார். ஜப்பானிலும் ஆரம்பக் காலத்தில் திரை கிடையாது, வரிகளை அச்சடித்த புத்தகத்தைத்தான் கையில் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 25

மலேசியாவிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், பாடுவார்கள், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். ஆங்கில எழுத்து இருந்தால்தான் பாட முடியும் என்கிறார். நியாயம். அப்படியானால் இரண்டும் வேண்டும். மேலே தமிழ், கீழே ஆங்கில எழுத்து. வேலை கூடும், பரவாயில்லை.

இதிலேயே இன்னொரு செய்தி. அகமதாபாத் ஐஐஎம்-இல் இருந்த பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சியில் வரும் சினிமாப் பாட்டுகளுக்கு அடியில் அதே மொழியில் வரிகளை ஓடவிட்டால், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வாசிப்புப் பழகும் என்று 1996-இல் யோசித்தார். 1999-இல் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் தூர்தர்ஷன் அதைச் செய்து பார்த்தது. பிறகு இந்திப் பாடல் நிகழ்ச்சிகளுக்கும் போனது. அடுத்து என்ன சொல் வரும் என்று காதுக்கு முன்பே தெரியும், கண் அதைப் பின்தொடர்ந்து போய் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் குழுவில் வீட்டுவேலை செய்யும் ஒரு அக்கா பாட்டு வரியைப் பார்த்துப் பார்த்தே பேருந்துப் பலகையைத் தடுமாறாமல் படிக்கத் தொடங்கிவிட்டார். அவர் ஊரில் நான்காம் வகுப்பு வரை படித்தவர். இதற்காகவே தமிழ் எழுத்துக்கு நான் இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன்.

மார்ச் 3

பொதுத்தேர்வு தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் இருக்கிறாள். ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சின்ன ஸ்பீக்கரில் பாடினோம். சத்த விதிப்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. நாங்கள் எப்போதுமே ஏழு மணிக்கு முடித்துவிடுவோம், அதற்குக் காரணம் வேறு. அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 9

பார்வையில்லாதவர்கள் கரோக்கி பாட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் கரோக்கியைத் தெருவுக்குக் கொண்டுவந்ததே அவர்கள்தான். பேருந்து நிலைய வாசலில், சென்னை மின்சார ரயிலில், சக்கரம் வைத்த ஒலிபெருக்கியில் டிராக் போட்டுப் பாடுகிறவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். முழு ஆர்கெஸ்ட்ரா வைக்க வசதியில்லாத கலைஞனுக்கு அந்தப் பெட்டிதான் ஆர்கெஸ்ட்ரா. நாம் நாணயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர்களில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தனக்காக, சும்மா, ஆசைக்குப் பாட எங்கே போவார் என்று யோசிப்பதில்லை.

எங்கள் குழுவில் அப்படி ஒரு அக்கா இருக்கிறார். திரை அவருக்குத் தேவையே இல்லை, நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடம். இடையிசை முடியும்போது தோளில் தட்டிச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "வயலின் இறங்கி வந்து புல்லாங்குழல் ஒரு சுற்று போகும், அப்புறம் நான். நீங்க தட்டினா அந்தக் கணக்கு போயிடும்" என்றார். சரியாக அந்த இடத்தில் எடுத்தார்.

அவருக்கு இடைஞ்சல் வேறு இடத்தில். செல்பேசியில் டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் வசதி) போட்டு ஒரு கரோக்கிச் செயலியைத் திறந்து காட்டினார். விரல் வைக்கும் இடமெல்லாம் "பெயரிடப்படாத பொத்தான்", "பெயரிடப்படாத பொத்தான்" என்றே சொல்கிறது. எது பாட்டைத் தொடங்கும், எது நிறுத்தும், எது சுருதியை மாற்றும், ஒன்றும் தெரியாது. செய்தவர்கள் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். அடுத்தது, கூட்டத்தில் பாட்டுப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிடுகிறோம், அவருக்கு அது எப்படித் தெரியும்? இப்போது முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புகிறேன். படமாக அனுப்பினால் வாசிக்காது, எழுத்தாகவே அனுப்ப வேண்டும்.

மார்ச் 10

இன்னொன்று. அக்காவிடம் மைக்கைக் கொடுக்கும்போது, "மைக் உங்க வலது கைக்கு வருது" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் ஒவ்வொருவரும் பெயர் சொல்லுங்கள். யார் முன்னால் பாடுகிறோம் என்று தெரிந்து பாட அவருக்கும் உரிமை உண்டு.

மார்ச் 16

முறை பற்றி. இதுதான் குழுக்களை உடைக்கும் விஷயம்.

கணக்கு எளிது. தமிழ் சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை, ஐந்து நிமிடம். இருபது பேர் வந்தால் ஒரு சுற்று முடிய நூறு நிமிடம். இடையில் ஒருவர் "இதையும் பாடிடறேன்" என்று இரண்டாவது பாட்டை எடுத்தால் கடைசி வரிசையில் இருப்பவருக்கு வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும். அவர் அடுத்த வாரம் வர மாட்டார், ஏன் வரவில்லை என்றும் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் சுற்றில் பல்லவியும் ஒரு சரணமும் மட்டும் என்று வைத்தோம். மூன்று நிமிடம். ஒரு மணி நேரத்தில் எல்லாரும் ஒருமுறை பாடிவிடலாம். இரண்டாவது சுற்றில் முழுப் பாட்டு. நன்றாகப் பாடுகிறவர்களுக்கு முதலில் கோபம் வந்தது. ஒருவர் வருவதையே நிறுத்திவிட்டார். அவர் போனது எனக்கு வருத்தம்தான், நல்ல சாரீரம். ஆனால் அவருக்கு மேடை வேறு இடத்திலும் கிடைக்கும். மீதிப்பேருக்கு இது ஒன்றுதான்.

மதிப்பெண் போடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பாடி முடித்ததும் திரையில் 43 என்று வந்தால் அந்த மனிதர் அடுத்தமுறை மைக்கைத் தொட யோசிப்பார்.

மார்ச் 23

நாளை டி.எம்.எஸ். பிறந்தநாள். 1922-இல் மதுரையில் பிறந்தவர். இன்று முழுக்க அவர் பாட்டு. சுருதி இறக்கும் பொத்தானுக்கு ஓய்வே இல்லை.

மார்ச் 24

நேற்று எழுத நேரமில்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன், ஏனென்றால் இது மனதை விட்டுப் போகவில்லை.

எங்கள் குழுவில் ஒரு பெரியவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்றால் கையைத்தான் காட்டுவார். அவர் மனைவி, "வீட்டிலேயே இருந்து சிடுசிடுக்கிறார், சும்மா உட்கார்ந்திருக்கட்டும்" என்று கூட்டிவந்தார். நேற்று யாரோ ஒரு பழைய பாட்டைப் பாடும்போது அவரும் சேர்ந்துகொண்டார். முதலில் வெறும் இழுப்பு. பல்லவி திரும்பி வந்தபோது சொற்கள். தெளிவான சொற்கள். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்டோம், பதில் சொல்ல முயன்றார், ஒரு சொல்லும் வரவில்லை.

மருத்துவர்கள் அறிந்ததுதான் இது. மூளையின் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சு போனவர்களில் பலருக்குப் பாட்டு மிச்சம் இருக்கும். 1973-இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் இதை வைத்து ஒரு சிகிச்சை முறையையே வகுத்தார்கள், சொற்றொடரை ராகம்போல் இழுத்து, கையால் தாளம் தட்டிச் சொல்லிப் பழக்குவார்கள். கரோக்கி அந்தச் சிகிச்சை ஆகாது. மனப்பாடமான பாட்டைப் பாடுவது ஒன்று, வேண்டியதைக் கேட்கும் பேச்சு வேறு. பேச்சுப் பயிற்சி தருகிறவரிடம் கட்டாயம் போக வேண்டும் என்று அவர் மனைவியிடம் சொன்னோம். ஆனால் அந்த மனிதருக்கு நேற்று கிடைத்தது சின்ன விஷயமில்லை. மாதக்கணக்கில் தன் வாயிலிருந்து தமிழைக் கேட்காதவர் கேட்டார்.

சரணத்தில் வேகம் தாங்காமல் பின்தங்கினார். அடுத்த ஞாயிறு அதே டிராக்கை வேகம் குறைத்துப் போடப் போகிறேன். அந்த கோபே முதலாளிக்கு இனோவே செய்துகொடுத்ததும் இதுதானே.

மார்ச் 31

வேகத்தை முதலில் 85 சதவீதத்துக்கு இறக்கினேன், போதவில்லை. 80-இல் வைத்ததும் சரணம் முழுக்கக் கூடவே வந்தார்.

திக்குவாய் உள்ள ஒரு தம்பி இதைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறான், பாடும்போது தனக்குத் திக்குவதே இல்லை என்று. பலருக்கும் அப்படித்தான். அவன் கேட்டது ஒன்றே: பாட்டுக்கு முன்னால் "என் பெயர் இன்னார், இந்தப் பாட்டைப் பாடுகிறேன்" என்று அறிவிக்கச் சொல்லாதீர்கள். இனி பெயரும் பாட்டும் திரையில் வரும். அறிவிக்க விரும்புகிறவர்கள் அறிவிக்கட்டும்.

ஏப்ரல் 6

ஏழு மணிக்கு முடிப்பதற்கான காரணம் எழுதுகிறேன் என்றிருந்தேன். பெண்கள். முன்பு எட்டரை வரை நடத்தியபோது பெண்கள் இரண்டு பேர்தான் வருவார்கள். நான்கிலிருந்து ஏழு என்று மாற்றியதும் பாதிக்கு மேல் பெண்கள். அதிகம் நேரமாவதற்குள் வீடு திரும்பலாம், இரவுச் சமையலும் கெடாது. இன்னொன்று, கரோக்கி என்றாலே மது கிடைக்கும் இடம் என்ற எண்ணம் நம் ஊரில் இருக்கிறது. சங்கக் கட்டடம், தேநீர், சுண்டல் என்றதும் வீட்டில் மறுப்புச் சொல்ல ஆளில்லை.

கொரியாவில் காசு போட்டு ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டுப் போகும் சின்ன அறைகள் இருக்கின்றன, ஜப்பானில் தனியாளாகப் போய்ப் பாடுவதும் சகஜம். வெட்கப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம். நம் ஊர்களில் அந்த வசதி அநேகமாக இல்லை. வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதவர்களுக்கு ஸ்மூல் போன்ற செயலிகள் இருக்கின்றன. படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் எனக்குத் தெரிந்தவர், எல்லாரும் தூங்கிய பிறகு ஜோடிப் பாட்டில் தன் பாதியைப் பாடி வைப்பார். வேறு ஊரில் யாரோ ஒருவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது மறுபாதியைப் பாடிச் சேர்ப்பார். இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் அதில் அழகு.

ஏப்ரல் 7

செயலியில் பாடினால் தாளம் தப்புகிறது என்று புலம்புகிறவர்களுக்கு: புளூடூத் இயர்போனைக் கழற்றிவிட்டு வயர் இயர்போன் போடுங்கள். புளூடூத்தில் இசை உங்கள் காதுக்கு வருவதற்குள் சிறிது தாமதமாகிவிடும், நீங்கள் அதைக் கேட்டுப் பாடுவது இன்னும் தாமதமாகப் பதிவாகும். நிறையப் பேர் தனக்குத் தாளஞானம் இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஏப்ரல் 13

மேடை. எங்கள் கூட்டம் முதலில் மாடியில் நடந்தது. இப்போது கீழ்த்தளத்தில், மேடையே இல்லாமல். சக்கர நாற்காலியில் வருகிறவரும் நடந்து வருகிறவரும் ஒரே தரையில் இருந்து பாடுகிறோம். கை நடுங்குகிறவர்களுக்கும் கைத்தடி பிடிப்பவர்களுக்கும் மைக் ஸ்டாண்டு, உட்கார்ந்த உயரத்துக்கு இறக்கி வைத்தது. காது மிஷின் போட்டவர்களை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, எக்கோவைப் பாதியாகக் குறைப்போம். பாடுகிறவருக்கு எக்கோ இனிமை, காது மிஷினில் அது வெறும் இரைச்சல். மைக் ஸ்பீக்கரைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மைக் செட்காரர்கள் ஹவுலிங் என்று சொல்லும் ஊளைச் சத்தம் வரும், காது மிஷின்காரர்கள் துடித்துப்போவார்கள்.

நகரத்தில் ஒரு கரோக்கி அரங்குக்குக் குழுவாகப் போனோம். வாசலில் நான்கு படி, சாய்தளம் கிடையாது. "நாலு பேர் இருக்கீங்களே, தூக்கிட்டு வந்துடுங்க" என்றார்கள். நாற்காலியில் இருந்தவர் பள்ளி ஆசிரியை. வாசலிலேயே திரும்பிவிட்டோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29-ஆம் பிரிவு பண்பாட்டையும் பொழுதுபோக்கையும் பற்றியதுதான். வேலை, படிப்பு, மருத்துவம் மட்டும் உரிமை, பாட்டு ஆடம்பரம் என்று அந்தச் சட்டம் நினைக்கவில்லை. அரங்கம் கட்டுகிறவர்கள்தான் நினைக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஏப்ரல் 21

காசு விஷயம் கேட்டிருந்தீர்கள். பழைய லேப்டாப் ஒருவர் கொடுத்தார், தொலைக்காட்சி சங்கத்துடையது. டிராலி ஸ்பீக்கர் சில ஆயிரம் ரூபாய், மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கியது. வயர் மைக் இரண்டு. வீட்டில் செய்வதானால் டிவியும் யூடியூபும் சில நூறு ரூபாய் மைக்கும் போதும்.

மிகப் பழைய பாட்டுகளுக்கு டிராக் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் ஸ்டீரியோ பாட்டில் நடுவில் இருக்கும் குரலை மட்டும் கழிக்கும் ஒரு தந்திரம் உண்டு, ஒற்றைத்தடத்தில் பதிவான பழம்பாட்டுகளில் அது பலிக்காது. 2019-இல் டீசர் நிறுவனம் ஸ்பிளீட்டர் என்ற கருவியை இலவசமாக வெளியிட்டது, அதன் பிறகு அதைப் போன்ற பல வந்துவிட்டன. குரலைத் தனியாக, வாத்தியத்தைத் தனியாகப் பிரித்துவிடும். சுத்தமாக வராது, அசல் பாடகரின் குரல் பின்னால் லேசாகக் கேட்கும். வயதானவர்களுக்கு அது கூட ஒரு துணைதான், பிடித்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள்.

ஏப்ரல் 28

நாளை சித்திரைத் திருவிழா தொடங்குகிறது. அழகர் ஆற்றில் இறங்கி முடியும்வரை ஞாயிறு கூட்டம் இல்லை. எங்கள் தெருவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்கள், ஸ்பீக்கர் அங்கே போகிறது.

மே 18

பலர் எங்கள் டிராக் தொகுப்பைக் கேட்டிருக்கிறீர்கள். தொகுப்பை அப்படியே பொதுவில் போட முடியாது, பாட்டுகளின் உரிமை நம்முடையது இல்லை. ஆனால் கோப்புக்குப் பெயர் வைக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் பாட்டின் முதல் இரண்டு சொல், தமிழில். அடுத்து அசல் பாடகர். அடுத்து எங்கள் குழுவில் யார் பாடுவார், அவருக்கு எத்தனை படி, எத்தனை சதவீத வேகம். கடைசியில் இடையிசை எந்த வாத்தியத்தில் முடிகிறது. இப்படி வைத்தால் டாக்பேக்கும் வாசிக்கும், நான் வராத ஞாயிறு வேறு யார் உட்கார்ந்தாலும் தேட வேண்டியதில்லை. திருவிழாவுக்கு முன்னால் ஒரு ஞாயிறு, பார்வையில்லாத அந்த அக்காதான் லேப்டாப்பில் திரைவாசிப்பான் போட்டுக்கொண்டு முழு மாலையும் டிராக் போட்டார்.